சர்க்கரைக்குக் கூட்டு மாத்திரை: ஒன்றுக்குள் மூன்று மருந்து இருந்தால் கிட்னி கெடுமா?

கேள்வி சுருக்கமாக இது. அப்பாவுக்கு வயது 63, ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். இதுவரை மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 8.6. மருத்துவர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு, கிளிமெபிரைடு 1, மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் 0.2 மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். ஒரே மாத்திரையில் மூன்று மருந்தா, கிட்னி என்னத்துக்கு ஆகும் என்று வீட்டில் பயம். பக்கத்து வீட்டு மாமாவோ டபாகிளிஃப்ளோசின் சேர்ந்த மாத்திரைதான் இப்போது லேட்டஸ்ட், அதற்கு மாறச் சொல்லுங்கள் என்கிறார். மாறலாமா?

முதலில் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மருந்துகளின் எண்ணிக்கையால் சிறுநீரகம் கெடுவதில்லை. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை கட்டுப்படாத சர்க்கரையும், கூடவே சத்தமில்லாமல் இருக்கும் ரத்த அழுத்தமும், அப்புறம் முட்டி வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகளும்தான். மெட்ஃபார்மின்மேல் இந்தப் பழி விழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது சிறுநீர் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் பலவீனமானால் உடம்பில் தேங்கிவிடும், அரிதாக ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். அதனால் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ-ஜிஎஃப்ஆர் எண் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, "மெட்ஃபார்மின் சாப்பிட்டார், கிட்னி போச்சு, டாக்டரே நிறுத்திட்டார்" என்று வரிசை தலைகீழாகத் தெரிகிறது.

இனி மாறலாமா என்ற கேள்வி. எச்பிஏ1சி எண் "இன்னொரு மருந்து வேண்டும்" என்று மட்டுமே சொல்லும். எந்த மருந்து என்று சொல்லாது. அதைத் தீர்மானிப்பவை அப்பாவின் இதயம், சிறுநீரகம், சாப்பாட்டு நேரம், வீட்டு வருமானம். இந்த நாலும் தெரியாமல் மாமாவின் மாத்திரையையும் அப்பாவின் மாத்திரையையும் ஒப்பிட முடியாது.

அதற்கு முன் வீட்டில் ஒரு விஷயத்தைப் புரியவைத்துவிடுங்கள். இரண்டாவது மருந்து தேவைப்பட்டது அப்பாவின் குற்றம் அல்ல. வாயைக் கட்டாததால்தான் மாத்திரை கூடிப்போச்சு என்று வீட்டில் பேச்சு வாங்கும் பெரியவர்களை மருந்துக் கடையில் தினமும் பார்க்கிறேன். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கணையத்தின் இன்சுலின் சுரப்பு வருடா வருடம் குறைந்துகொண்டே போகும். பிரிட்டனில் நடந்த யூகேபிடிஎஸ் ஆய்வு இதை எண்ணிக்கையாகவே காட்டியது. ஒரே ஒரு மருந்தில் ஆரம்பித்தவர்களில் மூன்று வருடம் கழித்து எச்பிஏ1சியை 7-க்குக் கீழே வைத்திருக்க முடிந்தது சுமார் பாதிப் பேருக்கு. ஒன்பது வருடம் கழித்து நான்கில் ஒருவருக்கு. அமெரிக்காவில் மெட்ஃபார்மினோடு இன்னொரு மருந்தைச் சேர்த்து 5,047 பேரைச் சராசரியாக ஐந்து வருடம் கவனித்த கிரேடு ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் இரண்டு மருந்து இருந்தும் 71 சதவீதம் பேர் அந்தக் காலத்துக்குள் 7-ஐத் தாண்டினார்கள். ஏழு வருடம் ஒரே மருந்தில் ஓட்டிய உங்கள் அப்பா அப்படியொன்றும் மோசமாக நடந்துகொள்ளவில்லை.

இன்னும் சொல்லப்போனால், இரண்டாவது மருந்துக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இப்போதைய எண்ணம். 2019-ல் வெளியான வெரிஃபை ஆய்வு 34 நாடுகளில் 2,001 பேரிடம் நடந்தது. புதிதாக நோய் தெரிந்தவர்களில் ஒரு பாதிக்கு ஆரம்பத்திலேயே மெட்ஃபார்மினும் வில்டாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். மறு பாதிக்கு மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்து, தேவைப்பட்டபோது மற்றதைச் சேர்த்தார்கள். ஐந்து வருடத்தில் முதல் கட்டச் சிகிச்சை பலிக்காமல் போனது சேர்த்துத் தொடங்கியவர்களில் 43.6 சதவீதம், மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 62.1 சதவீதம். எச்பிஏ1சி இலக்கைவிட 1.5-க்கு மேல் கூடுதலாக இருந்தால் ஆரம்பத்திலேயே இரண்டு மருந்து கொடுக்கலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் சொல்கிறது. ஆக, கூட்டு மருந்து என்றாலே நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

சரி, சீட்டில் இருக்கும் மருந்துகளுக்கு வருவோம். எனக்கு முதலில் கண்ணில் பட்டது, மெட்ஃபார்மின் அளவு மாறவே இல்லை என்பது. முன்பும் நாளுக்கு 1,000 மி.கி., இப்போதும் அதே. சிறுநீரகம் நன்றாக இருந்து வயிறும் தாங்கினால் 2,000 வரை போகலாம். அதற்கு மேல் பெரிய லாபம் இல்லை. அளவைக் கூட்டும்போது பேதி, வாய்வு, வாயில் உலோகச் சுவை வரும் என்பதால் சிலருக்குக் கூட்டாமல் விட்டிருப்பார்கள். மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகையைச் சாப்பாட்டோடு கொடுத்தால் அந்தத் தொந்தரவு பெரும்பாலும் குறையும். 8.6-லிருந்து 7-க்கு இறங்க மெட்ஃபார்மினைக் கூட்டினால் மட்டும் போதுமா என்பது சந்தேகம்தான். ஆனாலும், "இதைக் கூட்ட வழியுண்டா டாக்டர்?" என்று கேட்பது நியாயமான கேள்வி. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். கால் எரிச்சலையும் மரத்துப்போவதையும் சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்று விட்டுவிடாமல் பி12-ம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சுத்த சைவமாக இருந்தால் இன்னும் முக்கியம்.

கிளிமெபிரைடு சல்ஃபோனைல்யூரியா குடும்பம். கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மெட்ஃபார்மினோடு சேர்க்கும்போது எச்பிஏ1சியைக் கூடுதலாக ஒரு சதவீதம் அளவுக்கு இறக்கும். விலையோ மாத்திரைக்குச் சில ரூபாய்தான். புதிய மருந்துகளின் விளம்பர வெளிச்சத்தில் இதைப் பழைய குப்பை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. 2019-ல் வெளியான கரோலினா ஆய்வில் கிளிமெபிரைடையும், லினாகிளிப்டின் என்ற புதிய மருந்தையும் 6,033 பேரிடம் ஆறு வருடத்துக்கு மேல் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இரண்டு மருந்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. இதயத்துக்குக் கெடுதல் என்று பல வருடம் இந்தக் குடும்பத்தின்மேல் இருந்த சந்தேகம், கிளிமெபிரைடைப் பொறுத்தவரை அங்கே தீர்ந்தது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. சர்க்கரை தாழ்ந்துபோன அனுபவம் கிளிமெபிரைடு எடுத்தவர்களில் 37.7 சதவீதம் பேருக்கு, லினாகிளிப்டின் எடுத்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு. இந்த மருந்தின் உண்மையான விலை இதுதான். கணையத்தைத் தட்டும் மருந்துக்கு நீங்கள் இன்று சாப்பிட்டீர்களா இல்லையா என்று தெரியாது. மாத்திரையைப் போட்டுவிட்டுக் கல்யாண வீட்டில் இரண்டு மணிப் பந்திக்காகக் காத்திருந்தால், ஏகாதசி என்று பட்டினி இருந்தால், கோயிலுக்குப் போய்த் திரும்ப நேரமானால் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். வயதானவர்களுக்கு இந்த அறிகுறிகள்கூடத் தெளிவாக வராது. திடீரென்று குழப்பமாகப் பேசுவார், எரிந்து விழுவார், அவ்வளவுதான். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டினோலால் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் படபடப்பு மறைந்துவிடும், வேர்வை மட்டும்தான் துப்புக் கொடுக்கும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இந்தத் தாழ்வு ஒரு தடவை சர்க்கரை கொடுத்ததும் தீராது, மறுபடி மறுபடி இறங்கும். அப்படிப்பட்டவரை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டியிருக்கும். லிவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால் கிளிமெபிரைடு சாப்பிடுவதை அந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவையும் சேர்ந்து சர்க்கரையை இழுத்துவிடும். இதே குடும்பத்துப் பழைய உறுப்பினர் கிளிபென்கிளமைடை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. தெரிந்தவர் யாராவது இன்னும் அதில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வோக்லிபோஸ். இது குடலில் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்தும். இட்லி, சோறு, உப்புமா என்று மூன்று வேளையும் அரிசியும் ரவையுமாகச் சாப்பிடும் நம் ஊரில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரைதான் எகிறும். அதனால் நம் மருத்துவர்களுக்கு இதன்மேல் ஒரு பிரியம். மேற்கு நாடுகளில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. பலன் சுமார்தான், எச்பிஏ1சியில் அரை சதவீதத்தை ஒட்டி எதிர்பார்க்கலாம். முதல் கவளத்தோடு போட வேண்டும், சாப்பிட்டு முடித்துப் போட்டால் பிரயோசனம் இல்லை. உடையாத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வாய்வைக் கிளப்பும், வயிறு கடமுடா என்று சத்தம் போடும். சில வாரத்தில் பழகிவிடும்.

கிளிமெபிரைடும் வோக்லிபோஸும் ஒரே மாத்திரையில் வரும்போது ஒரு சிக்கல் உண்டு. இதை மட்டுமாவது வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். கிளிமெபிரைடால் சர்க்கரை தாழ்ந்தால் நாம் வழக்கமாகச் சீனியைக் கரைத்துக் கொடுப்போம், மிட்டாய் கொடுப்போம். சீனி குடலில் உடைந்து குளுக்கோஸ் ஆனால்தான் ரத்தத்துக்குப் போகும். வோக்லிபோஸ் அந்த உடைப்பைத்தான் தடுக்கிறது. அதனால் சீனித் தண்ணீர் தாமதமாகத்தான் வேலை செய்யும், அவசரத்துக்கு உதவாது. வெறும் குளுக்கோஸ் பொடி வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு சாப்பிட ஏதாவது கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். குளுக்கோஸ் டப்பா வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். வாசனை சேர்த்த பானப் பொடிகளில் சிலவற்றில் சீனிதான் அதிகம் இருக்கும். இந்த மூன்று மருந்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் குளுக்கோஸ் பொடி இருக்கிறதா என்று கேட்பேன். இருக்கிறது என்பவர்கள் குறைவு.

இனி மாமாவின் மாத்திரை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் எல்லாம் ஒரு குடும்பம், சுருக்கமாகக் கிளிஃப்ளோசின் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகம் வடிகட்டிய குளுக்கோஸைத் திரும்ப இழுத்துக்கொள்ளாமல் தடுத்து சிறுநீரில் விட்டுவிடும். சர்க்கரையை இறக்குவதில் இவை அசாத்தியம் ஒன்றும் இல்லை, கிளிமெபிரைடோடு ஏறக்குறைய சமம். இவற்றின் மவுசு வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2015-ல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில், எம்பாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களிடம் இதயம் சார்ந்த மரணம் 38 சதவீதம் குறைந்தது. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2020-ல் வந்த டபா-சிகேடி ஆய்வில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு டபாகிளிஃப்ளோசின் கொடுத்தபோது, சிறுநீரகம் மேலும் மோசமாவது, டயாலிசிஸுக்குப் போவது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது ஆகிய எல்லாம் சேர்த்து 39 சதவீதம் குறைந்தன. அதில் சர்க்கரை நோயே இல்லாதவர்களும் இருந்தார்கள். கிட்னியைக் கெடுக்கும் என்று எல்லா மாத்திரைக்கும் பயப்படும் நம் வீடுகளில், கிட்னியைக் காப்பாற்றும் சர்க்கரை மாத்திரை ஒன்று இருக்கிறது என்பதே பலருக்கு எட்டவில்லை.

அதனால் இதய நோயோ இதயச் செயலிழப்போ இருந்தால், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிந்தால், எச்பிஏ1சி எவ்வளவு என்று பார்க்காமலேயே இந்தக் குடும்பத்தில் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அது எதுவும் இல்லாதவருக்கு அந்த அளவு அவசரம் இல்லை.

இதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. சிறுநீரில் எப்போதும் சர்க்கரை இருக்கும் என்பதால், யூரின் டெஸ்டில் நாலு பிளஸ் என்று வந்தால் பதறக் கூடாது. மருந்து வேலை செய்கிறது என்று மட்டுமே அதற்கு அர்த்தம். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு வரலாம். பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும். கூச்சப்பட்டு மறைக்காமல் சொன்னால் களிம்பிலோ மாத்திரையிலோ தீர்ந்துவிடும். ஆரம்பித்த சில வாரத்தில் சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் அளவு லேசாக ஏறும். எதிர்பார்த்ததுதான், அதைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நீர் பிரிய வேறு மாத்திரை சாப்பிடுபவர், வெயிலில் வேலை செய்பவர் தலைசுற்றல் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அரிதாக வரும்: கீட்டோஅசிடோசிஸ். ரத்தச் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகவே இருக்கும், உள்ளே ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்று வருபவரை க்ளுக்கோமீட்டரை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் அபாயம் உண்டு. அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்துவது அதனால்தான். நம் ஊரில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்காகப் பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தை அடியோடு வெட்டுபவர்கள் நிறையப் பேர். அந்த உணவுமுறையும் கிளிஃப்ளோசினும் சேர்வது ஆபத்தான ஜோடி. மாமா அப்படி ஏதாவது டயட்டில் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கிளிப்டின்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை சாதுவான மருந்துகள். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் எல்லாம் இந்த வகை. எச்பிஏ1சியை அரையிலிருந்து முக்கால் சதவீதம் இறக்கும், எடையைக் கூட்டாது, தனியாகவோ மெட்ஃபார்மினோடோ கொடுத்தால் தாழ் சர்க்கரை அபூர்வம். தனியாக வாழும் பெரியவர், சாப்பாட்டு நேரம் நிலையில்லாதவர், ஓட்டுநர் போன்றவர்களுக்கு நான் முதலில் நினைப்பது இவற்றைத்தான். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. சாக்சாகிளிப்டின் மட்டும் 2013-ல் வெளியான ஆய்வில் இதயச் செயலிழப்பைச் சற்றுக் கூட்டியது. சிறுநீரகம் பலவீனமானால் சிட்டாகிளிப்டின் அளவைக் குறைக்க வேண்டும், லினாகிளிப்டினுக்கு அந்தத் தொல்லை இல்லை. செமாகுளூட்டைடு என்ற வேறொரு சர்க்கரை மருந்தை மாத்திரையாகச் சாப்பிடுபவருக்குக் கிளிப்டினும் சேர்த்துக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை, இரண்டும் ஒரே பாதையில் வேலை செய்பவை.

பயோகிளிட்டசோன் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2013 ஜூனில் இந்திய அரசு இதை நிறுத்திவைத்தது, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது. இன்சுலின் எதிர்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்கும் குறைந்த அளவில் இன்றும் பயன்படுகிறது. கால் வீக்கம், இதயச் செயலிழப்பு, எலும்பு முறிவு அபாயம், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாறு இருந்தால் வேண்டாம். மூன்று மருந்து மாத்திரைகள் சிலவற்றில் வோக்லிபோஸுக்குப் பதில் இது இருக்கும்.

அதனால்தான் அட்டையைத் திருப்பிப் படிக்கச் சொல்கிறேன். பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்டு பெயரோ அதற்குப் பின்னால் வரும் எம், வி, பி, ஃபோர்ட் போன்ற வால்களோ நம்பகமானவை அல்ல. வி என்றால் ஒரு கம்பெனியில் வோக்லிபோஸ், இன்னொன்றில் வில்டாகிளிப்டின். கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இதய மருத்துவர் டபாகிளிஃப்ளோசினைத் தனியாக எழுதியிருப்பார், சர்க்கரை மருத்துவர் டபாகிளிஃப்ளோசினும் சிட்டாகிளிப்டினும் சேர்ந்ததை எழுதியிருப்பார். இரண்டும் வேறு நிறம், வேறு பெயர். நோயாளி ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னது காதில் விழாமல், தனி மெட்ஃபார்மினையும் கூட்டு மாத்திரையையும் சேர்த்துப் போடுபவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையை எடுத்து ஓரமாக வையுங்கள்.

கூட்டு மாத்திரை நல்லதா என்று பொதுவாகக் கேட்டால், அளவு நிலைபெற்ற பிறகு நல்லது என்பேன். பிரஷர், கொழுப்பு, சர்க்கரை என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு மாத்திரை விழுங்குபவருக்கு இரண்டு குறைந்தாலே மறக்காமல் போடுவார். விலையும் பெரும்பாலும் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறையும். ஆனால் அளவைத் தேடும் கட்டத்தில் கூட்டு மாத்திரை கையைக் கட்டிவிடும். கிளிமெபிரைடை மட்டும் குறைக்க வேண்டும், மெட்ஃபார்மினை மட்டும் கூட்ட வேண்டும் என்றால் மாத்திரையே மாற வேண்டும். ஒரே நாளில் இரண்டு புது மருந்து தொடங்கினால், வயிற்று உபாதை எதனால், சர்க்கரை இறங்கியது எதனால் என்றும் பிரித்துப் பார்க்க முடியாது. எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மெதுவாக வெளிவர வேண்டிய மருந்து மொத்தமாக வெளிவந்துவிடும். அப்படிப்பட்ட மாத்திரையின் கூடு சில சமயம் மலத்தில் முழுசாக வரும். மருந்து இறங்கிய பின் மிஞ்சும் வெறும் கூடுதான், பயப்பட வேண்டாம். கம்பெனிகள் சேர்ப்பதெல்லாம் அறிவோடு சேர்த்ததும் இல்லை. 2018 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் கிளிமெபிரைடு, பயோகிளிட்டசோன், மெட்ஃபார்மின் சேர்ந்த சில மாத்திரைகளும் இருந்தன.

விலை விஷயத்தில் சில வருடங்களில் நிலைமை தலைகீழாகிவிட்டது. வில்டாகிளிப்டின் காப்புரிமை 2019-லும், டபாகிளிஃப்ளோசினுடையது 2020-லும், சிட்டாகிளிப்டினுடையது 2022-லும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. ஒரு மாத்திரை 60 ரூபாய்க்கு விற்ற எம்பாகிளிஃப்ளோசின், காப்புரிமை முடிந்த கையோடு சில பிராண்டுகளில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. 2022 செப்டம்பரில் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் சிட்டாகிளிப்டின் 50 மி.கி. பத்து மாத்திரை 60 ரூபாய்க்கும், மெட்ஃபார்மின் 500 சேர்ந்தது 65 ரூபாய்க்கும் அறிமுகமாயின. தமிழக அரசும் 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அதனால், "புது மருந்தெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது" என்ற பழைய கணக்கை ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாருங்கள். அதே மருந்து பிராண்டுக்குப் பிராண்டு மூன்று மடங்கு வித்தியாசத்தில் கிடைக்கிறது.

உங்கள் அப்பா விஷயத்தில், அடுத்த முறை போவதற்குள் நான் கையில் வைத்திருக்கச் சொல்வது கிரியேட்டினினும் இ-ஜிஎஃப்ஆரும், காலைச் சிறுநீரில் ஆல்புமின் விகிதம், ஒரு இசிஜி, பி12. ஆல்புமின் கசிந்தாலோ இதயத்தில் பழைய பிரச்சினை இருந்தாலோ மாமா சொல்வது சரி. கிளிஃப்ளோசின் சேர்க்கலாமா என்று அப்பாவே கேட்கலாம், கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படிச் சேர்க்கும்போது கிளிமெபிரைடைக் குறைக்க வேண்டியிருக்கும். இரண்டும் இல்லை, மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார், தனியாக இல்லை என்றால் இப்போது எழுதியிருக்கும் சீட்டில் தவறு ஒன்றும் இல்லை. என் கருத்தைக் கேட்டால், வோக்லிபோஸைச் சேர்ப்பதற்கு முன் மெட்ஃபார்மினை ஏற்றிப் பார்த்திருப்பேன். அது சின்ன அபிப்பிராய பேதம்தான், இதற்காக மருத்துவரை மாற்ற வேண்டாம்.

எச்பிஏ1சி 10-க்கு மேல், அல்லது சர்க்கரை 300-க்கு மேல் நின்று உடம்பு இளைத்துக்கொண்டே போனால் கதை வேறு. அப்போது எந்த மாத்திரையை எதோடு சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் சில காலமாவது இன்சுலின் போட வேண்டும். வாந்தி பேதியில் படுத்துவிட்ட நாட்களில் மெட்ஃபார்மினும் கிளிஃப்ளோசினும் நிறுத்திவைக்க வேண்டியவை. சாப்பாடு இறங்காதபோது கிளிமெபிரைடும் ஆபத்து. அந்த மாதிரி நாளில் என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இரவு பதினோரு மணிக்கு டாக்டரைப் பிடிக்க முடியாது.

புது மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு வாரம், காலையில் வெறும் வயிற்றிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் வாரத்துக்கு மூன்று நாலு தடவையாவது வீட்டிலேயே குத்திப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி. 63 வயதுக்காரருக்கு 7-ஐ ஒட்டி வந்தால் நல்லது. நடுவில் தாழ் சர்க்கரை வந்திருந்தால் 7.5-க்கே நான் திருப்திப்பட்டுவிடுவேன், கிளிமெபிரைடைக் குறைக்கச் சொல்லிக் கேட்பேன்.